திரைக்குப் பின்னால் ஒரு டிராம்போன்

திங்கள், பென்சில்வேனியா

விமானத்தில் போயிருந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் போய் இறங்கியிருக்கலாம். டிராம்போன் பெட்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை. கேபினில் மேலே இடமிருந்தால் இசைக்கருவியை உள்ளே விட வேண்டும் என்று 2015 முதல் அமெரிக்காவில் விதி இருக்கிறது. ஆனால் கடைசியில் ஏறுகிறவனுக்கு மேலே இடம் எங்கே இருக்கும்? பெட்டி சரக்கோடு போய், ஸ்லைடில், அதாவது முன்னும் பின்னும் இழுத்து வாசிக்கும் குழாயில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவு விழுந்தாலும் போன காரியம் கெட்டது. அதனால் அக்கா மகன் காரில் போகிறேன் என்றான். தனியாக ஓட்டக் கூடாது என்றாள் அக்கா. எனக்கு விடுமுறை மிச்சமிருந்தது.

மிச்சிகன் ஏரிக்கு மேற்கே ஒரு நடுத்தர நகரம். அங்கிருக்கும் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாவது டிராம்போன் நாற்காலி காலி. சனிக்கிழமை ஆடிஷன். ஊர் பெயரை எழுதக் கூடாது என்பது பையனின் நிபந்தனை, நானும் எழுதப் போவதில்லை.

நியூ ஜெர்சியில் நாலாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி பேண்டில் என்ன கருவி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பையன் வயலின் எடுப்பான் என்று அக்கா நினைத்திருந்தாள். அவன் தன் உயரத்துக்கு மேல் நீளமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இப்போது முதுகலை முடித்துவிட்டு, வாரத்தில் பாதி நாள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்; மீதி நாள் ஆடிஷனுக்குத் தயாராகிறான்.

டெலவேர் வாட்டர் கேப்பில் ஆற்றைத் தாண்டியதும் மவுத்பீஸை மட்டும் எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டான். கருவி இல்லாமல் அதை ஊதினால் வண்டு கண்ணாடிப் புட்டிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்திலேயே முழுப் பாட்டையும் சுருதி தப்பாமல் வாசிக்கிறான். உதடு சரியான இடத்தில் அதிர்ந்தால் குழாய் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது இவர்கள் கணக்கு.

"எப்படிடா இந்த வேலைக்கு ஆள் எடுக்கறாங்க?"

"விளம்பரம் வரும் சித்தி. 'இன்டர்நேஷனல் மியூசிஷியன்'னு நம்ம சங்கத்துப் பத்திரிகை இருக்கு, அதுல. ரெஸ்யூமே அனுப்பணும். சில இடத்துல ரெகார்டிங்கும் கேப்பாங்க. சரின்னு சொன்னா ஒரு லிஸ்ட் வரும்."

அந்த லிஸ்டைத்தான் நான் இன்று முழுக்க மடியில் வைத்திருந்தேன். ஒரு பக்கம்தான். மேலே ஃபெர்டினாண்ட் டேவிட் 1837இல் எழுதிய கன்செர்ட்டினோ, டிராம்போன்காரர்கள் எல்லோரும் பரீட்சைக்கு வாசிக்கும் பாட்டு. அதற்குக் கீழே எக்செர்ப்ட்கள்: பெரிய சிம்பொனிகளிலிருந்து வெட்டியெடுத்த நாலு வரி, எட்டு வரித் துண்டுகள். மொஸார்ட்டின் ரெக்வியத்தில் 'டூபா மீரும்'. ராவெலின் பொலேரோ. வாக்னரின் வால்கிரிகள் பறக்கும் பகுதி. பெர்லியோஸின் ஹங்கேரிய மார்ச். செயின்ட்-சான்ஸின் மூன்றாம் சிம்பொனியில் ஆர்கனோடு சேர்ந்து வரும் மெதுவான பகுதி. எல்லாவற்றையும் சேர்த்தாலும் இருபது நிமிஷத்துக்கு மேல் போகாது. ஏறக்குறைய இதே லிஸ்ட்தான் எந்த ஊரில் ஆடிஷன் நடந்தாலும் வருகிறது. டிராம்போன் வாசிக்கிற எல்லோருக்கும் கல்லூரி முதலாண்டிலேயே மனப்பாடம். அத்தனை பேருக்கும் தெரிந்த பாட்டை வைத்து ஒருவனை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்று கேட்டேன். "கிளீவ்லாந்துல ஒரு லெசன் இருக்கு, கூட வந்து உக்காருங்க, புரியும்" என்றான்.

மிசிசிப்பிக்குக் கிழக்கே ஐ-80 சாலையின் மிக உயரமான இடம் இதுதான் என்று மலைமேல் ஒரு பலகை. 2,250 அடி. கொடைக்கானலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கீழ். பலகை வைக்கும் அளவுக்கு இது பெருமையா என்று நான் கேட்க, பையன் மவுத்பீஸை எடுக்காமலே சிரித்தான்.

செவ்வாய், கிளீவ்லாந்து

காலையில் செவரன்ஸ் அரங்கை வெளியிலிருந்து பார்த்தோம். 1931இல் திறந்தது. ஜார்ஜ் செல் 1946 முதல் 1970 வரை இங்கேதான் கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவை ஆட்டிப் படைத்தார். உள்ளே போக முடியவில்லை, நேரமும் இல்லை. பத்து மணிக்கு லெசன்.

ஆசிரியர் ஒரு வீட்டின் நிலவறையில் சொல்லித் தருகிறவர். அறுபதைத் தாண்டியவர், பல ஊர்களில் ஆடிஷன் கமிட்டியில் உட்கார்ந்தவர். பெயர் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு நூறு டாலருக்கு மேல். வணக்கம் சொல்லி முடிக்கும் முன் பையனை அறைக்கு வெளியே அனுப்பினார். "கதவைத் தட்டு, உள்ளே வா, பேசாதே, வாசி." தான் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். என்னையும் சுவரைப் பார்க்கச் சொன்னார்.

வால்கிரி. ஒன்பது எட்டுத் தாளம். நம் கணக்கில் மூணு மூணாக மூன்று தடவை, திஸ்ர நடை. மெட்டை நடத்தும் மூணில் முதல் ஸ்வரம் கொஞ்சம் நீளும், அடுத்தது சிட்டிகையாக வரும், மூன்றாவது தன் முழு நேரம் நிற்கும். டாம்-த-தாம், டாம்-த-தாம். பையன் முழுக்கத் தெரிந்த தன்னம்பிக்கையோடு வாசித்தான், எனக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. ஆசிரியர் சுவரிடமே பேசினார்: நடுவில் வரும் அந்தச் சிட்டிகை ஸ்வரம் சத்தம் கூடக் கூட முன்னால் நகர்ந்துவிடுகிறது. மூணு என்பது ரெண்டாக மாறுகிறது. நாலாவது வரிக்கு வரும்போது நீ தாளத்தை விட்டு வெளியே வந்துவிட்டாய்.

எனக்குக் கேட்கவே இல்லை. இரண்டாம் தடவை தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டேன். ஆமாம், நகர்கிறது. மயிலாப்பூரில் பாட்டு கற்றுக்கொண்ட காலத்தில் என் டீச்சர் இதற்கே கையில் தட்டுவார்.

பிறகு அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். முதல் சுற்றில் கமிட்டி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று ஒரே நாலு துண்டைக் கேட்கிறது. மதியத்துக்குள் காது களைத்துப் போகும். அந்தக் காது மேதையைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. இல்லை என்று குறிக்க ஒரு காரணம் கிடைக்குமா என்று பார்க்கிறது, அதுவும் பெரும்பாலும் முதல் முப்பது நொடியில் கிடைத்துவிடுகிறது. தாளம் ஓடுவது ஒரு காரணம், சுருதி ஒரு காரணம், ஸ்வரத்தின் தொடக்கம் சுத்தமாக இல்லாதது இன்னொன்று. டிராம்போனில் வயலினைப் போலவே கட்டை கிடையாது. ஸ்லைடுக்கு ஏழு இடங்கள், ஒவ்வொன்றையும் காதால்தான் பிடிக்க வேண்டும். 'டூபா மீரும்' தொடங்கும்போது துணைக்கு யாருமே இல்லை. கடைசித் தீர்ப்பு நாளின் எக்காளத்தை ஒற்றை டிராம்போன் ஸ, க, ப என்று படிபோல் அறிவிக்கும், அதுவும் இரண்டாவது டிராம்போன். இந்த நாற்காலிக்கே உரிய வரி. அந்தப் படிகளில் ஒன்று அரை மயிர் தாழ்ந்தாலும் அறையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்.

சின்ன வயதில் ஜெயிக்கிறவர்கள் எல்லாம் மற்றவர்களைவிடப் பெரிய வித்வான்கள் இல்லை என்றார். வேண்டாம் என்று சொல்லக் கமிட்டிக்குக் காரணம் கொடுக்காதவர்கள். அது முதல் சுற்றைத் தாண்ட மட்டும்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டார். கடைசிச் சுற்றில் காரணம் கொடுக்காதவன் மட்டும் மிஞ்சினால் யாரையும் எடுக்காமலே ஆடிஷனை முடித்துவிடுவார்கள். அப்படி நடப்பது ஒன்றும் அபூர்வம் இல்லையாம். எனக்கு இது அநியாயமாகப் பட்டது. அறுபது பேரைச் சொந்தச் செலவில் வரவழைத்து, நாற்காலியைக் காலியாகவே வைத்து அனுப்புவதா? அந்த நாற்காலியில் உட்காருகிறவன் நாற்பது வருஷம் எழுந்திருக்க மாட்டான், அதுதான் பயம் என்றார் ஆசிரியர்.

இரவு மோட்டலில் பையன் லிஸ்டில் இருந்ததை எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிக் காபிக் கோப்பையில் போட்டான். மாடிப்படியில் மூன்று தளம் ஓடி ஏறி, மூச்சு வாங்க வந்து, ஒரு சீட்டை எடுத்து உடனே வாசிக்க வேண்டும். மணிக்கூண்டு மாதிரி அடித்துக்கொள்ளும் நெஞ்சோடு பொலேரோவைத் தொடங்கப் பழக இதுதான் வழியாம். ஒவ்வொன்றையும் ஃபோனில் பதிவுசெய்து, தாளம் தட்டும் மெட்ரோனோமை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துத் திரும்பக் கேட்டான். வாசித்த நேரத்தைவிடக் கேட்ட நேரம் அதிகம். சத்தத்தை அடைக்கும் பிராக்டிஸ் மியூட் செருகியிருந்ததால் பக்கத்து அறைக்காரர் புகார் சொல்லவில்லை. மாடிப்படியில் ஓடியதற்குத்தான் ரிசப்ஷனிலிருந்து ஃபோன் வந்தது.

புதன், எல்கார்ட்

இண்டியானா டோல் சாலையில் எல்கார்ட் என்ற பலகை வந்ததும் பையன் இறங்கியே ஆக வேண்டும் என்றான். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லாத ஊர். ஆனால் சி. ஜி. கான் 1875 வாக்கில் இங்கே கார்னெட் செய்யத் தொடங்கியதிலிருந்து அமெரிக்காவின் பித்தளைக் கருவிகளில் பெரும்பங்கு இந்த ஊரில்தான் அடித்து வளைக்கப்பட்டது. கதை இப்படிப் போகிறது: கானுக்கு ஒரு சண்டையில் உதடு கிழிந்ததாம், வலிக்காமல் வாசிக்க மவுத்பீஸ் விளிம்பில் ரப்பர் வைத்தாராம், அதை மற்றவர்களும் கேட்க, தொழில் பிறந்ததாம். ஆஸ்திரியாவில் பிறந்த வின்சென்ட் பாக் நியூயார்க்கில் செய்துகொண்டிருந்த டிரம்பெட்டும் டிராம்போனும், 1961இல் அவர் நிறுவனத்தை விற்ற பிறகு, இங்கே வந்து சேர்ந்தன. பையன் கையில் இருப்பது பாக் 42. ஆர்கெஸ்ட்ரா டிராம்போன் என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

தொழிற்சாலைக்கு வெளியே ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஸ்லைடுக்குக் க்ரீம் தடவி, சின்ன ஸ்ப்ரே புட்டியால் தண்ணீர் தெளித்து, வாகன நிறுத்தத்திலேயே நாலு தடவை இழுத்துப் பார்த்தான். பிறந்த வீட்டு வாசலில் சீர் செய்வதுபோல என்று சொன்னேன், புரியவில்லை அவனுக்கு.

சிகாகோ போய்ச் சேரும்வரை அபி கோனன்ட் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தான். டேவிட் கன்செர்ட்டினோ வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த கதை போல. 1980இல் மியூனிக் ஃபில்ஹார்மோனிக்கில் முதல் டிராம்போனுக்கு ஆள் தேடினார்கள். இளம் அமெரிக்கப் பெண்ணான அவருக்கு வந்த அழைப்புக் கடிதத்தில் 'திரு. அபி கோனன்ட்' என்று இருந்தது. போட்டியாளர்களில் ஒருவர் உள்ளூர்க் கலைஞர் ஒருவரின் மகன் என்பதால் அன்று முதல் சுற்றுக்கு, வாசிப்பவர் யார் என்று கமிட்டிக்குத் தெரியாதபடி, திரை போட்டார்கள். 33 பேரில் அவர் பதினாறாவது. டேவிட் கன்செர்ட்டினோவில் ஒரு ஸ்வரம் உடைந்தது, முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வெளியே போனார். உள்ளே கமிட்டி மீதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து பெண் வந்ததும் அறையில் திகைப்பு. வேலை கிடைத்தது, ஒரு வருஷத் தகுதிகாண் காலமும் தாண்டியது. 1982இல் நடத்துநர் செலிபிடாகே அவரை இரண்டாவது நாற்காலிக்கு இறக்கினார். முதல் டிராம்போனுக்கு ஆண் வேண்டும் என்பதுதான் சொன்ன காரணம். நீதிமன்றம் போனார். நுரையீரல் கொள்ளளவைக்கூட மருத்துவ சோதனையில் நிரூபிக்க வேண்டியிருந்தது. வழக்குகள் 1993 வரை இழுத்தன, ஜெயித்தது அவர்தான்.

ஒரு ஸ்வரம் உடைந்தும் ஜெயித்தாரே, ஆசிரியர் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டேன். பையன் ரொம்ப நேரம் யோசித்தான். உடைந்த ஸ்வரம் விபத்து, ஓடும் தாளம் வியாதி என்றான். விபத்தைக் கமிட்டி மன்னிக்கும்.

வியாழன், சிகாகோ

பித்தளைக்காரர்களுக்கு இந்த ஊர் ஒரு க்ஷேத்திரம். மிச்சிகன் அவென்யூவில் 1904இல் கட்டிய ஆர்கெஸ்ட்ரா ஹால், நாலு நிமிஷ நடையில் ஃபைன் ஆர்ட்ஸ் கட்டடம். சிகாகோ சிம்பொனியில் டியூபா என்ற பெரிய, அடிக்குரல் பித்தளைக் கருவியை வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் அந்தக் கட்டடத்தில் ஓர் அறை வைத்துப் பாடம் சொன்னார். 1944 முதல் 1988 வரை ஆர்கெஸ்ட்ராவில் இருந்தவர். டியூபாகாரர்கள் மட்டும் இல்லை, டிரம்பெட், ஹார்ன், புல்லாங்குழல்காரர்கள்கூட நாடெங்கிலுமிருந்து மூச்சு விடக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்திருக்கிறார்கள். காற்றை அளக்கும் மருத்துவக் கருவிகளை அறை நிறைய வைத்திருப்பாராம். அவருடைய உபதேசம் இரண்டே வார்த்தை: பாட்டு, காற்று. உதட்டையும் விலா எலும்பையும் பற்றி யோசிக்காதே, மனசுக்குள் பாட்டைச் சத்தமாகப் பாடு, காற்றை அனுப்பு, உடம்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். தோளை இறுக்கிக்கொண்டு நின்று நடுங்குகிற பையன்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று இப்போது புரிகிறது.

டிரம்பெட்டில் அடால்ஃப் ஹெர்செத். மினசோட்டாவின் குக்கிராமத்துப் பிறப்பு, போருக்குப் பிறகு பாஸ்டனில் மாணவர். 1948இல், சிகாகோவின் நடத்துநராக இருந்த ரொட்ஸின்ஸ்கியின் நியூயார்க் வீட்டில் போய் வாசித்துக் காட்டினார். மூன்றாவது டிரம்பெட்டுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனவரிடம், நீதான் புது முதல் டிரம்பெட் என்றார் அவர். திரையும் இல்லை, கமிட்டியும் இல்லை. ஒரு வீட்டு ஹாலில் ஒரே ஒருவர் கேட்டு முடிவுசெய்தது. அந்த நாற்காலியில் ஹெர்செத் 2001 வரை உட்கார்ந்தார், 53 வருஷம். டிராம்போனில் ஜே ஃப்ரீட்மன் 1962இல் சேர்ந்து, 1964இல் முதல் நாற்காலிக்கு வந்து, அறுபது வருஷத்துக்கு மேல் வாசித்தவர்.

முந்தாநாள் ஆசிரியர் சொன்ன பயம் இந்த எண்களில் தெரிகிறது. வயலின் என்றால் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் முப்பது பேர், வருஷத்துக்கு ஒன்றிரண்டு இடமாவது வரும். டிராம்போன் மூன்று பேர், டியூபா ஒரே ஒருவர். இங்கே ஒரு பையன் நல்ல வாத்தியக்காரனாக இருந்தாலும், அவன் தயாராக இருக்கும் வருஷத்தில் ஒருவர் ஓய்வு பெற வேண்டும். சிகாகோ, நியூயார்க் அளவுள்ள குழுக்களில் அடிப்படைச் சம்பளமே வருஷத்துக்கு 1,50,000 டாலருக்கு மேல். அதனால் ஒரு இடம் திறந்தால் நாடே வருகிறது. 2006இல் ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவில் டியூபா நாற்காலி திறந்தபோது ஜெயித்தவர் கேரல் ஜான்ச், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்காத மாணவி, வயது 20. அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பையன் முகத்தில் நம்பிக்கை பாதி, வயிற்றெரிச்சல் பாதி. இவனுக்கு இருபத்து நாலு ஆகிவிட்டது.

இரவு கச்சேரி. மேடைக்குப் பின்னால் டெரஸ் என்று சில வரிசைகள் இருக்கின்றன. நடத்துநரின் முகமும் பித்தளைக்காரர்களின் முதுகும் தெரியும். பிற்பாதியில் ப்ரூக்னர். என் கண் இரண்டாவது டிராம்போன்காரரை விட்டு நகரவில்லை. அவர் வாசித்ததைத் தனியாகப் பிரித்து எனக்குக் கேட்கவே முடியவில்லை. முதல் டிராம்போனின் ஒலிக்கு அடியில் பாய் விரித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். "அதுதான் சித்தி வேலையே" என்றான் பையன். அப்படியானால் தனியாக, திரைக்குப் பின்னால், ஒற்றை ஆளாக வாசிக்கச் சொல்லி இந்த வேலைக்கு ஆள் எடுப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். கடைசிச் சுற்றில் மற்ற டிராம்போன்களோடு சேர்த்து உட்காரவைத்துப் பார்ப்பார்களாம். அங்கே போய்ச் சேருகிறவர்கள் மூணு பேரோ நாலு பேரோ.

வெள்ளி

ஏரியோரமாக வடக்கே. பையன் இன்று கருவியைப் பத்து நிமிஷத்துக்கு மேல் தொடவில்லை. உதடு தசைதானே, ஓட்டப் பந்தயத்துக்கு முந்தின நாள் யாரும் ஓட மாட்டார்கள். பேச்சும் இல்லை. நான் ரேடியோவில் ஊர்ச் செய்தி கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

சனி, ஆடிஷன்

நான் உள்ளே போக முடியாது என்று நினைத்திருந்தேன். பின்வாசல் தாழ்வாரம்வரை விட்டார்கள், ஒரு மடக்கு நாற்காலியும் கொடுத்தார்கள். பையன் பதிவு மேஜையில் சீட்டு எடுத்தான். பதினேழு. இனி சாயங்காலம்வரை அவனுக்குப் பெயர் கிடையாது.

தாழ்வாரத்தின் இருபுறமும் அறைகள், ஒவ்வொன்றிலிருந்தும் அதே லிஸ்ட். இடது பக்கம் பொலேரோ, எதிரில் பொலேரோ, கோடியில் வால்கிரி, நடுவே யாரோ வெறும் நீண்ட ஸ்வரம் மட்டும் ஊதிக்கொண்டிருந்தார். இதைக் கேட்டுக்கொண்டே தன் நிதானத்தைக் காப்பாற்றுவதே ஒரு தனிப் பரீட்சை. பையன் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, தான் முன்பு பதிவுசெய்த தன்னுடைய வாசிப்பையே கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒருவன் வாழைப்பழம் தின்றான், இன்னொருவன் மாத்திரை போட்டான். ப்ரொப்ரனலால், நெஞ்சுப் படபடப்பை அடக்கும் மருந்து. 1987இல் அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் எடுத்த கணக்கெடுப்பில் நாலில் ஒருவருக்கு மேல் இந்த வகை மாத்திரையைப் பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் ஒளிக்கவில்லை, யாரும் பேசவுமில்லை.

பதினேழை அழைக்க வந்த உதவியாளர் விதிகளை மெல்லச் சொன்னார். மேடையில் பேசக் கூடாது. ஏதாவது கேட்க வேண்டும் என்றால் என் காதில் சொல்லுங்கள், நான் கமிட்டியிடம் கேட்பேன். இருமல் வந்தாலும் அடக்குங்கள். மேடை வாசலிலிருந்து நாற்காலிவரை கம்பளம் விரித்திருந்தது, செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. பாஸ்டன் சிம்பொனி 1952இல் தொடங்கிய திரை வழக்கம், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நாடெங்கும் பரவியது. திரையைக் கடைசிச் சுற்றுக்கு எடுத்துவிடும் குழுக்கள் பல. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா கடைசிவரை வைத்திருக்கிறது.

நம் ஊரில் ரேடியோ ஆடிஷனுக்குப் போய் வந்த பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், அதில் பாதி யார் கேட்டார்கள், யாருக்கு யார் சொன்னார்கள் என்பதாகத்தான் இருக்கும். இந்தத் தாழ்வாரத்தில் அந்தப் பேச்சு இல்லை. திரை வந்த பிறகு எல்லாம் யோக்கியமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. திரைக்கு முன்னால் வந்து நிற்க யாரால் முடிகிறது என்பதைத் திரை கேட்பதில்லை. எங்கள் பெட்ரோல், டோல், மோட்டல், லெசன் எல்லாம் கூட்டினால் ஒரு மாதத்து வாடகை. சித்தியோ மாமாவோ கார் ஓட்ட இல்லாத பையன்கள் இந்த லிஸ்டில் எத்தனை பேர் விண்ணப்பத்தோடு நின்றுபோனார்கள்?

கதவு மூடியதும் காதை ஒட்டி நின்றேன். டேவிட்டின் முதல் பக்கம். நிறுத்தம். 'டூபா மீரும்', மூன்று படியும் குளத்தில் கல் இறங்கின மாதிரி இறங்கின. பிறகு வால்கிரி, என் தொடையில் கை தானாகத் தாளம் போட்டது. டாம்-த-தாம். நகரவில்லை. சத்தம் கூடியது, நகரவில்லை. கடைசியில் பொலேரோ. ஆர்கெஸ்ட்ராவில் டிராம்போன்காரர் எட்டு நிமிஷம்போலச் சும்மா உட்கார்ந்திருந்து, உதடு ஆறிப்போன நிலையில், உச்சியில் இருக்கும் அந்த மெட்டைத் திடீரென்று வெறுங்காற்றில் பிடிக்க வேண்டும். அதனால்தான் எல்லா லிஸ்டிலும் இருக்கிறது. ஏழு நிமிஷத்தில் வெளியே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பத்துப் பத்துப் பேராக முடிவு சொன்னார்கள். உதவியாளர் ஒரு காகிதத்தோடு வந்து, "இந்தச் சுற்றில் பதினொன்று, பதினேழு. மற்றவர்களுக்கு நன்றி" என்றார். எட்டுப் பேர் அந்த நிமிஷமே பெட்டியை மூடினார்கள். இதில் பழகிவிட்ட கை வேகம் இருந்தது. ஒருவன் பையனின் தோளில் தட்டிவிட்டு, விமானத்துக்கு நேரமாகிறது என்று போனான்.

மாலையில் அரையிறுதி. லிஸ்டில் இருந்த மீதியையும், கூடவே முன்னால் பார்க்காத ஒரு பக்கத்தையும் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பொலேரோ இன்னொரு தடவை. ஏழரை மணிக்கு எண்கள் வந்தன, பதினேழு இல்லை. கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர். இரவு பத்து மணிக்கு மூன்று பேரில் ஒருவரை எடுத்தார்கள் என்று குறுஞ்செய்தி வந்தது. இருபத்தாறு வயதாம், வேறோர் ஊரில் ஏற்கெனவே இப்படிப் பல தடவை கடைசிச் சுற்றுவரை போனவராம். பிட்ஸா கடையில் உட்கார்ந்திருந்தோம். "அவர் நல்லா வாசிப்பார் சித்தி, பதினொண்ணாம் நம்பர் அவர்தான்" என்றான். சாப்பிட்டான், பசி இருந்தது அவனுக்கு.

ஞாயிறு, திரும்பும் வழி

கேட்டவர்களுக்குக் கமிட்டியின் குறிப்புகளை அனுப்புவது இந்தக் குழுவின் வழக்கம். காலையிலேயே மின்னஞ்சல் வந்துவிட்டது. ஒருவர் எழுதியிருக்கிறார்: ஒலி அழகு, இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். அடுத்தவர்: இரண்டாவது நாற்காலிக்கு ஒலி பெரிது. மூன்றாமவர்: வால்கிரியில் தாளம் மிகச் சிறப்பு. நாலாமவர், ஐந்தாமவர் இருவரும் ஒரே இடத்தைக் குறித்திருந்தார்கள்: அரையிறுதிப் பொலேரோவில் மெட்டு சறுக்கி இறங்கும் இடத்தில் அவசரம். முதல் இரண்டையும் என்ன செய்வது என்று நான் கேட்டேன். ஒன்றும் செய்ய வேண்டாம், ரெண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் மட்டும்தான் அது விஷயம் என்றான். அதையும் நிலவறை ஆசிரியர்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இண்டியானாவைத் தாண்டும்போது இன்னொரு மின்னஞ்சல், ஆர்கெஸ்ட்ராவின் ஆள் மேலாளரிடமிருந்து. அரையிறுதிக்கு வந்தவர்களை மாற்று ஆள் பட்டியலில் சேர்க்கிறோம், சம்மதமா என்று கேட்டிருந்தார். யாராவது விடுப்பில் போனால், அல்லது பெரிய பாட்டுக்குக் கூடுதல் ஆள் வேண்டுமென்றால், இந்தப் பட்டியலிலிருந்து கூப்பிடுவார்கள். வாரச் சம்பளம் உண்டு, வழிச்செலவில் ஒரு பகுதி உண்டு. பிப்ரவரியில் ப்ராம்ஸின் முதல் சிம்பொனி, இரண்டாவது டிராம்போன்காரருக்கு அந்த வாரம் வர முடியாது.

"எவ்வளவு நேரம்டா வாசிக்கணும்?"

"முதல் மூணு பாகம் டிராம்போனுக்கு வேலையே கிடையாது சித்தி. சும்மா உக்காரணும். நாலாவதுல ஒரு கோரல் வரும், சர்ச் பாட்டு மாதிரி, மெதுவா, ரொம்ப ஸாஃப்டா. அதுதான் மொத்தத்துலயே கஷ்டம்."

சம்மதம் என்று ஓஹையோ எல்லைக்குள் நுழையும் முன்பே பதில் அனுப்பிவிட்டான். பிப்ரவரியில் ஏரிக்கரைச் சாலை பனியில் எப்படி இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் ஃபோனில் மெட்ரோனோமை எடுத்தான். பொலேரோ வேகத்தில் வைத்து, அந்தச் சறுக்கும் இடத்தை மவுத்பீஸில் ஊதத் தொடங்கினான்.